பீடத்தில் வைத்த நெற்றி

புதன்கிழமை, பொழுது விடிந்த நேரம்.

அழகுமலை கும்பிட்ட நிலையிலேயே செத்துப்போயிருந்தார். முழங்கால் இரண்டும் மண்ணில், நெற்றி இரும்புப் பீடத்தில். பக்கத்தில் பித்தளைச் செம்பு கவிழ்ந்து கிடந்தது. அவர் ஊற்றிய தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை. கயிற்று வேலிக்கு வெளியே அவருடைய ரப்பர் செருப்புகள் ஜோடியாகக் கழற்றி விடப்பட்டிருந்தன. பீடத்துக்கு மேலே அந்தப் பெண் சிலை உட்கார்ந்திருந்தது. குனிந்த தலை, கண் இல்லாத முகம், மடியில் விரித்து வைத்த இரண்டு கைகள்.

வாடிப்பட்டி தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போனால் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய் வரும். அதை ஒட்டிய பொட்டலில்தான் சிற்பி தமிழ்மாறனின் வெட்டவெளிக் கண்காட்சி. மதுரையில் ஏசி மண்டபத்தில் வைத்தால் படித்தவர்கள்தான் பார்ப்பார்கள், இங்கே வைத்தால் ஆடு மேய்க்கிறவனும் பார்ப்பான் என்று அவர் டிவியில் சொல்லியிருந்தார். சொன்னபடியே நடந்தது. எல்லாம் வெண்கலம். ஆள் உயரச் சிலைகள், படுத்த மாடு, பாதி மனிதன் பாதி மரம் என்று முள்ளுச் செடிகளுக்கு நடுவே நின்றன. 'தொட்டுப் பாருங்கள்' என்று ஒவ்வொன்றிலும் பலகை. 'காத்திருப்பவள்' என்ற இந்த ஒன்றுக்கு மட்டும் சுற்றிலும் கயிறு, 'தொடாதீர்கள்' என்று பலகை. தொடாதே என்றால் நம் ஆட்களுக்கு அது சாமி. வேப்படிப்பட்டிக்காரர்கள் இரண்டே வாரத்தில் அவளை ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரரும் கண்காட்சிக் காவலாளியுமான அழகுமலை ஒருபடி மேலே போய், தினமும் விடிகாலையில் குளித்துவிட்டு வந்து பீடத்தில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவந்தார்.

பால்காரர் பார்த்துப் போன் செய்ய, முதலில் வந்து சேர்ந்தவர் ஏட்டு கண்ணுச்சாமி. அவர் வந்தபோது தமிழ்மாறன் சிலைக்கு அருகில் நின்று, அதன் விரித்த உள்ளங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு? மயக்கமா?" என்று கேட்டபடியே கண்ணுச்சாமி ஈர மண்ணில் முட்டி போட்டு, அழகுமலையின் தோளைத் தூக்கப் போனார். அடுத்த நொடி யாரோ நெஞ்சில் உதைத்ததுபோல் மல்லாக்க விழுந்தார்.

"கரண்ட்டு! யாரும் கிட்ட போகாதீக! கரண்ட்டு!"

லைட் வேலை பார்க்கும் ஜூடு தூக்கக் கலக்கத்தோடு ஓடிப்போய் மெயினை இறக்கினான். அதற்குள் பால்காரர் ரோட்டுக்கு ஓடிவிட்டிருந்தார். சிற்பியை மட்டும் சிலையிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போக இரண்டு பேர் வேண்டியிருந்தது. பாவம், தான் செய்த சிலையே ஓர் உயிரைக் குடித்துவிட்டதே என்று மனிதர் உடைந்துபோனார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா வந்து மண்ணைக் கிளறச் சொன்னாள். ஒரு சாண் ஆழத்தில் கறுப்பு ஒயர் ஒன்று வெல்டிங் ஷெட்டிலிருந்து பாம்புபோல வந்து, பீடத்தின் அடிப்பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

கண்ணுச்சாமி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் மாறிமாறித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒயர் கெடக்கட்டும். ஊர்ல என்ன பேசுறாக தெரியுமா? ஆத்தா அடிச்சுட்டான்றாக. கண்ணு தெறக்காத சாமியக் கும்பிடலாமா? எனக்கே ஈரக்குலை நடுங்குது."

"ஆத்தா எதுக்கு ஏட்டய்யா கிளிப் வாங்கப் போறா?" என்றாள் சத்யப்ரியா. சொன்னாளே தவிர, அந்தக் கண்ணில்லாத முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கும் பிடிக்கவில்லை.

தமிழ்மாறன் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் டம்ளரைத் தொட்டார். மனிதருக்கு அறுபது வயது இருக்கும். கப்பலூரில் சொந்தப் பட்டறை. பட்டறையில் பழகிய தடித்த ரப்பர் பூட்ஸ் காலை விட்டுக் கழன்று யாரும் பார்த்ததில்லை.

"அது எனக்கு வெச்ச குறி, மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொட்டல்லயேதான் தங்கியிருக்கேன். தினம் காலைல நான் முதல்ல செய்யிற வேலை, போய் அவ கையைத் தொட்டு நிக்கிறது. இன்னைக்கு அசந்து தூங்கிட்டேன். அந்த ஆளு முந்திக்கிட்டான். வெண்கலம் மேடம் அது. பீடத்துல ஏத்துன கரண்ட்டு உச்சந்தலை வரைக்கும் நிக்கும். நான் தொட்டிருந்தா நான் போயிருப்பேன்."

"யார் மேல சந்தேகம்?"

"லைட்டுக்காரன். போன வாரம் அவனை எல்லார் முன்னாடியும் அறைஞ்சுட்டேன்."

"அழகுமலை எப்படி? உங்களுக்கும் அவருக்கும் ஏதாச்சும்?"

"வாட்ச்மேன். பாத்தா வணக்கம் வைப்பான். அதுக்கு மேல அவனுக்கும் எனக்கும் என்ன பேச்சு?" தமிழ்மாறன் அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். "எனக்குப் பாதுகாப்புக் குடுங்க மேடம். சனிக்கிழமை டெல்லி அருங்காட்சியகத்திலேர்ந்து ஆட்கள் வர்றாங்க. அவளைத்தான் கேட்டிருக்காங்க. அதுவரைக்குமாவது நான் உயிரோட இருக்கணும்."

அடுத்த அறையில் ஜூடு உட்கார்ந்திருந்தான். கப்பலூர்ப் பையன், இருபத்தைந்து வயதுக்குள். கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஒயர் யாருது?"

"என் பெட்டில இருந்ததுதான் மேடம். ஆனா நான் போடல. நான் இழுத்த லைட்டு லைன்ல டிரிப்பர் இருக்கு. யாருக்காவது ஷாக் அடிச்சா அதுவே விழுந்துரும். இது வெல்டிங் ஷெட் லைன். அதுல டிரிப்பர் கெடையாது."

"ஷெட் சாவி?"

"சாவி ஏது மேடம், படுதாதான் தொங்குது. யாரு வேணாலும் போலாம்."

"சிற்பி உன்னை ஏன் அடிச்சாரு?"

"அந்தச் சிலைக்குப் பக்கத்துல லைட்டு மாட்டணும். ஏணிய அது தோள்ல சாச்சு வெக்கப் போனேன். எங்கருந்துதான் வந்தாரோ, பாய்ஞ்சு வந்து அறைஞ்சாரு. மத்த சிலை மேல எல்லாம் சாச்சிருக்கேன், ஒரு வார்த்தை சொன்னதில்ல. கிரேன் வெச்சு எறக்குனப்பகூட நாங்கதான் கயிறு புடிச்சோம். அந்தச் சிலைய மட்டும் நாங்க புடிக்கல. நாங்க வந்தப்பவே பீடத்துல உக்காந்திருந்துச்சு."

"அவரைக் கொல்லணும்னு தோணுச்சா?"

ஜூடு தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னைக்கு ராத்திரி தோணுச்சு. காலைல மறந்துட்டேன். கரண்ட்ட வெச்சுப் பொழைக்கிறவன் மேடம் நான். அதுகிட்ட எனக்குப் பயம் உண்டு."

மேலிடத்திலிருந்து போன் வந்தது. ஒயர் அவனுடையது, அடி வாங்கியவன் அவன், இன்னும் என்ன யோசனை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிமாண்ட் பண்ணிவிடு என்றார்கள். சத்யப்ரியா சரி சார் என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

வியாழக்கிழமை, முற்பகல்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அழகுமலையின் உடல் வேப்படிப்பட்டிக்கு வந்தது. சாவு வீடு என்றால் தெருவே கூடிவிடும் ஊர் அது. அன்று தெருவில் ஒரு காக்கை இல்லை. ஐஸ் பெட்டியை இறக்கிய வண்டிக்காரர் ஒருவர், வேறு வழியில்லாமல் இறங்கிக் கை கொடுத்த கண்ணுச்சாமி, அழகுமலையின் காலைப் பிடித்த அவர் மனைவி பாண்டியம்மாள், அவ்வளவுதான் கூட்டம். சாமி குத்தத்தில் செத்தவனுக்குத் தோள் கொடுத்தால் அந்தக் குத்தம் தோளோடு வரும் என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். எதிர்வீட்டு விருமாண்டி, அழகுமலையோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாண்டியம்மாள் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம், விசாரிக்க வந்திருந்த சத்யப்ரியாவைச் சுட்டது.

பாண்டியம்மாள் அழவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தெரிந்தது துக்கத்தைவிடப் பயம்தான்.

"அவரு என்ன தப்புப் பண்ணாரு தாயி? சுத்தபத்தமாத்தான் போனாரு. செருப்பக்கூடப் போட்டுக்கிட்டு நிக்கமாட்டாரு. எம் புள்ளையும் மருமகளும் திருப்பூர்ல இருக்காக, அதுக பஸ் ஏறவே பயப்படுதுக. ஊர்ல ஒரு ஆளு எட்டிப் பாக்கல. அவரை யாரு தூக்குவா? நான் ஒருத்தியா இழுத்துக்கிட்டுப் போவேன்?"

"தூக்கலாம்க்கா. நான் பாத்துக்கிறேன். அவரு கடைசியா என்ன பேசிக்கிட்டு இருந்தாரு?"

"திங்கக்கிழமையிலருந்து ஒரே கூத்து. ஆத்தா ஒரு அதிசயம் காட்டிட்டா, வெள்ளிக்கிழமை உச்சி வேளைக்கு ஊரையே கூட்டியாந்து கூழ் ஊத்தணும்னு ஆடிக்கிட்டு இருந்தாரு."

"உச்சி வேளையிலயா? அந்த நேரத்துல பொட்டல்ல கால் வெக்கவே நடுங்குவீகளே."

"அதத்தான் நானும் கேட்டேன். அந்த வெயில்ல வந்து பாத்தாத்தான் தெரியும்னாரு. என்னன்னு சொல்லல. ஊரே ஒண்ணாப் பாக்கட்டும், அதுவரைக்கும் வாயத் தெறக்காதன்னு ஐயா சொல்லிட்டாக, அனுமதியும் குடுத்துட்டாகன்னாரு. அம்புட்டுச் சந்தோசம் அவருக்கு. புதன்கிழமை விடியல அடிச்சுட்டா."

சத்யப்ரியா வாசலுக்கு வந்தாள். பாண்டியம்மாளின் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டய்யா, உங்களுக்கு நேத்து ஷாக் அடிச்சப்ப காலு எங்க இருந்துச்சு?"

"காலு பூட்ஸ்ல இருந்துச்சு. முட்டிதான் ஈர மண்ணுல இருந்துச்சு. அதான் அடிச்சுது. பூட்ஸோட நின்னிருந்தா தப்பிச்சிருப்பேன்னு ஜூடு சொன்னான்."

"தமிழ்மாறன் பூட்ஸ கழட்டி நீங்க பாத்திருக்கீகளா?"

கண்ணுச்சாமி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"அப்ப அது அவருக்கு வெச்ச கண்ணி இல்லையா மேடம்?"

"செருப்பைக் கழட்டுறவருக்கு வெச்சது. தண்ணி ஊத்தி, ஈரத்துல முட்டி போட்டு, பீடத்துல நெத்தி வெக்கிற ஆளு அந்தப் பொட்டல்லயே ஒருத்தர்தான். ஆனா எதுக்கு? ஒரு ஏழை வாட்ச்மேனைக் கொன்னு யாருக்கு என்ன கிடைக்கும்? வாங்க, அந்த அதிசயத்தைப் பாத்துட்டு வருவோம்."

"இப்பயா? மணி பன்னெண்டாகப் போகுதே மேடம்!"

"அவரு அந்த நேரத்துக்குத்தானே கூப்பிட்டாரு?"

உச்சி வெயிலில் பொட்டல் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. நிழலே இல்லை. இரவில் வரும் பயத்துக்கு விளக்கு ஏற்றிவைக்கலாம். பட்டப்பகலில், எல்லாம் பளிச்சென்று தெரிகிற நேரத்தில் வருகிற பயத்துக்கு என்ன ஏற்றிவைப்பது? காற்று நின்றுபோயிருந்தது. சிலைகள் எல்லாப் பக்கமும் நின்று அவர்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணுச்சாமி முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே அவளுடைய முதுகுக்குப் பின்னால் நடந்தார்.

திடீரென்று அவர் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தார்.

"மேடம், அது மடியில என்னமோ அசையுது!"

சத்யப்ரியாவும் ஓர் எட்டு பின்வாங்கினாள். காத்திருப்பவளின் விரித்த கைகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ எழுந்தது. காதை ஆட்டியது. மே என்றது.

வெள்ளாட்டுக்குட்டி ஒன்று, மடியில் சுகமாகப் படுத்துத் தூங்கி எழுந்திருந்தது.

"சனியனே!" என்று கண்ணுச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்யப்ரியா சிரிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த வெண்கல மாட்டின் முதுகில் கையை வைத்தாள். "ஆ!" என்று உடனே எடுத்தாள். தோசைக்கல் மாதிரி கொதித்தது. மரமனிதனைத் தொட்டாள், உள்ளங்கை சிவந்துபோனது. அந்தச் சிலைகள் ஒன்றின் மேலும் ஆடு இல்லை, குருவி இல்லை.

கயிற்றைத் தாண்டினாள். காத்திருப்பவளின் கைக்கு முன்னால் அவள் கை ஒரு கணம் நின்றது. மெயின் இறக்கியிருக்கிறது, தெரியும். ஆனாலும் ஒரு மனிதன் செத்த இடம். பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டாள். சூடுதான், ஆனால் கை பொறுத்தது. அழுத்திப் பிடித்தாள், அப்போதும் பொறுத்தது. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். டொக் டொக் என்று காலி டப்பா மாதிரி கேட்டது.

அழகுமலையும் திங்கள்கிழமை இந்த ஆட்டுக்குட்டியை விரட்டத்தான் கயிற்றைத் தாண்டியிருப்பார். தூக்கும்போது கை பட்டிருக்கும். சுற்றிலும் எல்லாம் கொதிக்க, ஆத்தா மட்டும் சுடவில்லை. அவருக்கு அது அதிசயம். வேறு ஒருவருக்கு அது தலைக்கு மேல் தொங்கிய கத்தி.

"ஏட்டய்யா, நாளைக்கு உச்சி வேளைக்கு எல்லாரையும் இங்க கூப்பிடணும். பாண்டியம்மாளை நானே கூட்டியாறேன்."

"ஊர் வராது மேடம்."

"கிட்ட வரவேணாம். கண்மாய்க் கரையில நிக்கச் சொல்லுங்க. வேடிக்கைன்னா வருவாக."

வெள்ளிக்கிழமை, உச்சி.

வேடிக்கை என்றதும் வந்தார்கள். கண்மாய்க் கரை நெடுக வேப்படிப்பட்டி நின்றது. ஒருவரும் சரிவில் இறங்கவில்லை. கீழே, காத்திருப்பவளுக்கு முன்னால் பாண்டியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தமிழ்மாறன் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நின்றார். ஜூடை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள்.

"பயப்படாத ஜூடு. பழைய ஒயரை அப்படியே மாட்டு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

கரண்ட் வந்தது. கரையில் இருந்த பெண்கள் ஆத்தா என்று அலறினார்கள். ஜூடு நீள மூங்கில் கம்பில் கட்டிய பல்பின் ஒரு முனையை நியூட்ரலில் கொடுத்து, மறுமுனையைப் பீடத்தில் வைத்தான். பல்பு பளீரென்று எரிந்தது.

"இப்பச் சிலை மேல வை."

வைத்தான். பல்பு அணைந்தது. சிலையின் முழங்காலில், கையில், தோளில் மாறிமாறி வைத்தான். மினுக்கென்றுகூட எரியவில்லை. மெயினை இறக்கச் சொல்லிவிட்டு, சத்யப்ரியா சிற்பியின் பக்கம் திரும்பினாள்.

"வெண்கலம்னீங்க. உச்சந்தலை வரைக்கும் கரண்ட் நிக்கும்னீங்க. இது என்ன?"

தமிழ்மாறன் கண்மாய்க் கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். இது பைபர், பிளாஸ்டிக் மாதிரி. மேல வெண்கலக் கலர் பெயின்ட். அதனாலதான் மத்த சிலையெல்லாம் கிரேன்ல வந்தப்ப இது மட்டும் ஆள் வர்றதுக்கு முந்தியே வந்து உக்காந்துச்சு. அதனாலதான் ஏணி சாச்சதுக்கு இந்தப் பையனை அறைஞ்சீங்க, சத்தம் காட்டிக் குடுத்துருமேன்னு. அதனாலதான் கயிறு, பலகை எல்லாம். யாரும் கண்டுபிடிக்கல. அழகுமலை கண்டுபிடிச்சாரு. அவருக்குத் தான் கண்டுபிடிச்சதே தெரியாது. ஆத்தா வெயில்ல சுடலைன்னு சந்தோசமா உங்ககிட்ட வந்து சொன்னாரு. வெள்ளிக்கிழமை உச்சிக்கு ஊரையே கூட்டிவந்து தொட வைக்கிறேன்னாரு. இந்த எடத்துல கூழ் ஊத்த யார்கிட்ட அனுமதி கேக்கணும்? உங்ககிட்டத்தான். அவனுக்கும் எனக்கும் என்ன பேச்சுன்னு கேட்டீங்களே, இதான் பேச்சு."

"இல்ல மேடம், நான்தான் சாக வேண்டியவன். எனக்குத்தான் குறி வெச்சாங்க..."

"பூட்ஸ் போட்டவருக்கு யாராச்சும் மண்ணுல கரண்ட் வெப்பாங்களா? சரி, அதுகூட இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க." சத்யப்ரியா அவருக்கு நேர் எதிரில் வந்து நின்றாள். "புதன்கிழமை காலையில ஏட்டய்யா கரண்ட்டுன்னு கத்திக்கிட்டு மல்லாக்க விழுந்தாரு. பால்காரர் ரோட்டுக்கு ஓடுனாரு. உங்க காலடியில ஒரு ஆளு கரண்ட்ல செத்துக் கெடக்குறாரு. ஸ்டேஷன்ல டீயக் குடிக்கவே பயந்த மனுசன் நீங்க. அப்ப மட்டும் ஏன் சிலை கையை விடல? மெயினை இறக்குற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நின்னீங்களே. வெண்கலம்னு நம்புற எவனும் பூட்ஸ் போட்டிருந்தாலும் கையை ஒதறியிருப்பான். அது கடிக்காதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அதைச் செஞ்ச ஆளுதான்."

தமிழ்மாறன் தன் வலது கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வெண்கலத்துலதான் ஊத்தினேன்," என்றார். "கழுத்துல விரிசல் விட்டு ரெண்டா உடைஞ்சிருச்சு. பட்டறை மணலுக்குள்ள கிடக்கு. மறுபடி ஊத்த நாள் இல்ல. அச்சு இருந்துச்சு, பைபர்ல எடுத்தேன். சனிக்கிழமை ஆட்கள் பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் வெண்கலத்துல ஊத்தி மாத்திரலாம்னு நினைச்சேன். நாற்பது வருசத்துப் பேரு மேடம். பொம்மையை வெண்கலம்னு வெச்சான்னு ஊரே சிரிச்சிருக்கும். பயந்துட்டேன்."

"அழகுமலை உங்களை மிரட்டுனாரா?"

"இல்ல."

"எதாச்சும் கேட்டாரா?"

"கூழ் ஊத்த அனுமதி கேட்டான்." பூட்ஸைத் தடவினார். "என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நீங்க செஞ்ச கை சாதாரணக் கை இல்லைங்கய்யான்னு சொன்னான்."

ஜூடு திரும்பி நின்றுகொண்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். கண்ணுச்சாமி விலங்கை எடுத்தார்.

பாண்டியம்மாள் இது எதையும் பார்க்கவில்லை. கயிற்றை விலக்கி உள்ளே போனாள். சிலையின் முழங்காலில் ஒரு விரலை வைத்தாள், பிறகு உள்ளங்கையை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப இது சாமி குத்தம் இல்லையா தாயி?"

"இல்லக்கா. அவரு ஒரு குத்தமும் பண்ணல."

அவள் கரையைப் பார்த்துத் திரும்பினாள். மூன்று நாள் அடக்கிவைத்த குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

"கேட்டீகளா? எம் புருசனைச் சாமி அடிக்கல! மனுசன் அடிச்சிருக்கான்! கதவச் சாத்திக்கிட்டீகளே, பாவிகளா, இப்பயாச்சும் வாங்க! அவரைத் தூக்க ஆள் இல்லாமக் கெடக்காரு!"

கரையில் யாரும் அசையவில்லை. பயம் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்யப்ரியா சாட்சிப் பொருளை வண்டியில் ஏற்றச் சொன்னாள். நட்டைக் கழற்றி, அடியில் கட்டியிருந்த மணல் மூட்டையை அவிழ்த்ததும், இரண்டு கான்ஸ்டபிள்கள் காத்திருப்பவளை ஆளுக்கொரு கையால் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தார்.

"இம்புட்டுத்தானா?" என்று கரையில் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னாள்.

கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். அதன் பிறகுதான் கண்ணுச்சாமி அழகுமலையின் வீட்டு வாசலுக்கு வந்து, தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். நேற்றுவரை அவரைவிடப் பயந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. பாடையின் முன்பக்கம் போய் நின்றார். விடுவிக்கப்பட்ட ஜூடு யாரும் கேட்காமலே அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். பின்பக்கத்துக்கு ஆள் இல்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. விருமாண்டி வெறுங்காலோடு இறங்கி வந்தார். பாண்டியம்மாளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வாசலாகத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. செருப்புகள் தெருவோரம் வரிசையாகச் சேர்ந்தன.

விருமாண்டி குனிந்து தோளைக் கொடுத்தார். தூக்கியபோது ஒரு கணம் தள்ளாடினார்.

"பாத்துய்யா," என்றாள் பாண்டியம்மாள். "அவரு கனமான ஆளு."

"தெரியும் தங்கச்சி," என்றார் விருமாண்டி. அப்படியே பாடையைத் தாங்கிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.